நிறம் பார்த்து நிறுத்தும் போலீஸ்: எந்த மாநிலச் சட்டம் உண்மையில் தடுக்கும்?

அமெரிக்காவில் புதுக் கார் வாங்கும் நம்மவர்கள் பலரும் அதை முதலில் கோயிலுக்குத்தான் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பூசை முடிந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, வீடு திரும்பும்போது உள்கண்ணாடியில் ஒரு குட்டிப் பிள்ளையாரோ உருத்திராட்ச மாலையோ ஆடிக்கொண்டிருக்கும். பல மாநிலங்களில், ஓட்டுபவரின் பார்வையை மறைக்கிற மாதிரி எதையாவது தொங்கவிடுவது போக்குவரத்து விதிமீறல். வருடக்கணக்கில் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். என்றைக்காவது ஒரு போலீஸ்காரருக்கு அந்த வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், அன்றைக்கு அது குற்றமாகிவிடும்.

மினசோட்டாவில் 2021 ஏப்ரல் 11 அன்று டான்ட் ரைட் என்ற 20 வயதுக் கறுப்பின இளைஞரை நிறுத்தியபோது சொன்ன காரணங்கள் இரண்டு. வண்டியின் பதிவு காலாவதியாகியிருந்தது. கண்ணாடியில் வாசனை அட்டை ஒன்று தொங்கியது. சில நிமிடங்களில் அவர் சுடப்பட்டு இறந்தார். டேசர் (மின்அதிர்ச்சி தரும் கருவி) என்று நினைத்துத் துப்பாக்கியை எடுத்துவிட்டதாகச் சொன்ன அதிகாரி பிறகு தண்டிக்கப்பட்டார். ஆனால் ஒரு வாசனை அட்டைக்காக எதற்கு ஒருவரை நடுவழியில் மறிக்க வேண்டும் என்ற கேள்வி அந்த வழக்கோடு முடியவில்லை.

இந்தக் கேள்வி மாநிலச் சட்டமன்றங்களுக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1996-ல் ரென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒரு தீர்ப்புச் சொன்னது. ஏதாவது ஒரு போக்குவரத்து விதிமீறல் நடந்திருந்தால் வண்டியை நிறுத்தியது செல்லும். அதிகாரியின் மனதில் இருந்த உண்மையான நோக்கம் என்ன என்று, காரணமற்ற சோதனையையும் பிடித்துவைப்பையும் தடுக்கும் அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தத்தின் கீழ் யாரும் துருவ வேண்டியதில்லை. நிறம் பார்த்து நிறுத்தினார் என்று நினைத்தால், எல்லாரையும் சமமாக நடத்தச் சொல்லும் சமப் பாதுகாப்புப் பிரிவின் கீழ் வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். அங்கே போனால் உள்நோக்கத்தை நிரூபிக்கச் சொல்வார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்திலும் 2001 முதல் இதற்கென ஒரு தடை மசோதா திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டது; ஒருமுறைகூடச் சட்டமாகவில்லை. ஆக, மிச்சம் இருப்பது மாநிலங்கள்தான்.

மாநிலங்கள் எடுத்த வழிகளைப் பார்த்தால் பெரும்பாலும் நான்கு வகைக்குள் வருகின்றன. நிறம் பார்ப்பது குற்றம் என்று அறிவிப்பது ஒன்று. ஒவ்வொரு நிறுத்தத்தையும் பதிவுசெய்து கணக்குக் காட்டச் சொல்வது இன்னொன்று. மூன்றாவது, நிறுத்துவதற்கான சில்லறைச் சாக்குகளையே போலீஸ் கையிலிருந்து எடுத்துவிடுவது. நான்காவது, பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வழி திறப்பது. ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு சட்டம் நிறைவேறும் அளவுக்குத்தான் அரசியல் தெம்பு இருக்கிறது என்றால் எதைப் பிடிப்பது? என் பதில் மூன்றாவது. அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் மற்றவற்றுக்கு உரிய நியாயத்தையும் செய்துவிட வேண்டும்.

தடை என்று எழுதிவைப்பது

இதுதான் சுலபமாக நிறைவேறும் சட்டம். யாரும் எதிர்த்து ஓட்டுப் போட மாட்டார்கள். டெக்சஸ் 2001-லேயே நிறம் பார்த்து நிறுத்துவதைத் தடை செய்தது. நியூ ஜெர்சி 2003-ல் ஒரு படி மேலே போய், அப்படிச் செய்யும் அதிகாரிமீது குற்ற வழக்கே போடலாம் என்றது. நியூ ஜெர்சி அந்த அளவுக்குப் போனதற்கு அதன் டர்ன்பைக் சாலையின் பழைய கதை காரணம். 1998-ல் அந்தச் சாலையில் நான்கு இளைஞர்கள் போன வேனை மாநிலப் போலீஸார் நிறுத்திச் சுட்டதில் மூவர் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டே, தன் போலீஸ் நிறம் பார்த்து நிறுத்துவது உண்மைதான் என்று மாநில அரசு ஒப்புக்கொண்டது.

தடை வந்த பிறகு என்ன நடக்கிறது? டெக்சஸில் தடை அமலுக்கு வந்து பல வருடம் கழித்து, 2015 ஜூலை 10 அன்று, ஹூஸ்டனுக்கு வடமேற்கே பிரேரி வியூவில் சாண்ட்ரா பிளாண்ட் என்ற கறுப்பினப் பெண் கார் ஓட்டிக்கொண்டு போனார். தான் படித்த பல்கலைக்கழகத்திலேயே வேலை கிடைத்து வந்தவர். பின்னால் ஒரு போலீஸ் வண்டி வேகமாக நெருங்கியது. வழிவிடுவதற்காக அவர் பக்கத்துத் தடத்துக்கு மாறினார், இண்டிகேட்டர் போடவில்லை. அதற்காக அவரை நிறுத்தினார்கள். வெறும் எச்சரிக்கைச் சீட்டோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். சிகரெட்டை அணைக்கச் சொன்னார் அதிகாரி, என் காருக்குள் நான் ஏன் அணைக்க வேண்டும் என்றார் அவர், அதிலிருந்து முற்றிக் கைதில் போய் நின்றது. மூன்றாம் நாள் சிறை அறையில் இறந்து கிடந்தார்.

அந்த நிறுத்தம் டெக்சஸின் தடைச் சட்டத்தை மீறியது என்று யாராலும் நிரூபித்திருக்க முடியாது. இண்டிகேட்டர் போடாதது உண்மை, விதிமீறல் உண்மை. தடைச் சட்டம் கேட்பது அதிகாரியின் மனதில் என்ன இருந்தது என்பதை. மனதைத் திறந்து காட்டும் சாட்சி எங்கே கிடைக்கும்? தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போலீஸ் கையேட்டில் அப்படி ஒரு வரி இருக்கத்தான் வேண்டும். அதை நிறைவேற்றிவிட்டு வேலை முடிந்தது என்று கலைந்து போவதுதான் தப்பு.

கணக்கு எடுப்பது

இந்த வழியை நான் மதிக்கிறேன். இது இல்லாவிட்டால் இந்தப் பிரச்சினை இருப்பதையே யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 1992 மே மாதம், சிகாகோவில் தாத்தாவின் இறுதிச் சடங்கை முடித்துவிட்டு வாடகைக் காரில் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார் ராபர்ட் வில்கின்ஸ் என்ற கறுப்பினத்தவர். மேரிலாந்தில் கம்பர்லேண்ட் அருகே விடிகாலையில் வண்டியை நிறுத்தினார்கள். சோதனை போட வேண்டும், சம்மதமா என்று கேட்டார்கள். வில்கின்ஸ் ஹார்வர்டில் சட்டம் படித்த வழக்கறிஞர். சம்மதம் இல்லை, காரணமில்லாமல் பிடித்துவைக்கக் கூடாது என்று சட்டத்தை எடுத்துச் சொன்னார். மோப்ப நாய் வரும்வரை காத்திருக்க வைத்தார்கள். அப்புறம் எல்லாரையும் மழையில் இறக்கி நிறுத்தி, நாயை விட்டுக் காரைச் சுற்றி மோந்து பார்க்கச் செய்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் வழக்குப் போட்டார். 1995-ல் சமரசம் ஆனபோது, செய்யும் சோதனைகளை எல்லாம் மாநிலப் போலீஸ் பதிவுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அந்தப் பதிவுகள் என்ன காட்டின? நெடுஞ்சாலை 95-ல் வண்டி ஓட்டியவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 17 சதவீதம். நிறுத்திச் சோதிக்கப்பட்டவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல். வில்கின்ஸ் இன்று தலைநகர் வாஷிங்டன் டி.சி.யின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி.

1999-ல் வட கரோலினா இந்தக் கணக்கைச் சட்டமாகவே ஆக்கியது. அதே ஆண்டு கனெக்டிகட் நிறைவேற்றிய சட்டத்துக்கு, தானே ஒருமுறை இப்படி நிறுத்தப்பட்ட ஆல்வின் பென் என்ற மாநிலச் செனட்டரின் பெயர் இருக்கிறது. இல்லினாயில் 2003-ல் இதே மாதிரிச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர் அப்போது மாநிலச் செனட்டராக இருந்த பராக் ஒபாமா. இன்றைக்கு எல்லாவற்றிலும் விரிவானது கலிஃபோர்னியாவின் 2015 சட்டம். ஷர்லி வெபர் கொண்டுவந்தது. 2022-ல் மட்டும் அங்கே 45 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள் பதிவாகின. மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள்; நிறுத்தப்பட்டவர்களில் அவர்கள் 12 சதவீதத்துக்கும் மேல்.

மக்கள்தொகையோடு ஒப்பிடுவது சரியா என்று போலீஸ் தரப்பு கேட்கும். அது நியாயமான கேள்வி. யார் எவ்வளவு ஓட்டுகிறார்கள், எந்தச் சாலையில், எந்த நேரத்தில் என்பதெல்லாம் மாறும். ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். வருடத்தின் வெவ்வேறு நாளில் சூரியன் வெவ்வேறு நேரத்தில் மறைகிறது. மாலை 7 மணிக்குக் கோடையில் வெளிச்சம், குளிர்காலத்தில் இருட்டு. அதே கடிகார நேரத்தில், ஓட்டுபவரின் முகம் தெரிகிற நாளில் கறுப்பினத்தவர் பங்கு கூடி, தெரியாத நாளில் குறைந்தால் அது எதைக் காட்டும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு நாடு முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 10 கோடி நிறுத்தங்களைத் திரட்டி 2020-ல் வெளியிட்ட ஆய்வில் அப்படித்தான் வந்தது. இருட்டிய பிறகு அவர்கள் பங்கு குறைந்தது.

சரி, இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு என்ன ஆயிற்று? மிசூரியைப் பாருங்கள். 2000-லிருந்தே அங்கே இந்தச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு ஊர்ப் போலீஸும் கணக்குக் கொடுக்கும், மாநில அட்டர்னி ஜெனரல் வருடாவருடம் அறிக்கை வெளியிடுவார். ஃபெர்குசன் ஊரின் எண்களும் அதில் வந்துகொண்டேதான் இருந்தன. 2014-ல் அங்கே மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டு ஊர் தீப்பிடித்த பிறகுதான் மத்திய நீதித் துறை உள்ளே போய்ப் பார்த்தது. ஊர் மக்களில் 67 சதவீதமான கறுப்பினத்தவர், நிறுத்தப்பட்ட ஓட்டுநர்களில் 85 சதவீதம், கைதானவர்களில் 93 சதவீதம். அவர்களை இரண்டு மடங்குக்கும் மேல் அதிகமாகச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் எதுவும் கிடைப்பது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்திருக்கிறது. பதினான்கு வருடம் கணக்கு எடுத்த மாநிலத்தில் இது நடந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் யாராவது எதையாவது நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை.

கணக்கை எழுதுவது யார் என்பதும் ஒரு சிக்கல். டெக்சஸில் நெடுஞ்சாலைப் போலீஸார் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) ஓட்டுநர்கள் பலரை வெள்ளையர் என்று எழுதியிருந்தது 2015-ல் வெளிவந்தது. கனெக்டிகட்டில் 2023-ல் வந்த தணிக்கை, மாநிலப் போலீஸ் தந்த அபராதப் பதிவுகளில் சுமார் 26,000 பொய்யானவையாக இருக்கலாம் என்றது. அவற்றில் வெள்ளையர் எண்ணிக்கை கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது. பெரும்பாலானவை வேண்டுமென்றே செய்தவை அல்ல என்று பிறகு ஒரு தனி விசாரணை சொன்னது. கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தக் கணக்கை நம்பி எப்படி முடிவெடுப்பது?

எதை எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம். 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் ஊரில், மகன் வீட்டுக்குக் குஜராத்திலிருந்து வந்து சில நாள்களே ஆன சுரேஷ்பாய் படேல், காலையில் தெருவில் நடந்துகொண்டிருந்தார். பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவர், வயது 57, ஆங்கிலம் தெரியாது. ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் சுற்றுகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் செய்தார். வந்த அதிகாரி கையைப் பின்னால் முறுக்கித் தலைகுப்புறத் தரையில் வீழ்த்தினார். கழுத்தெலும்பு அடிபட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வராமல் போக, 2016-ல் நீதிபதியே அந்த அதிகாரியை விடுவித்தார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் வந்து தங்கி, காலையும் மாலையும் வேட்டியிலோ ஸ்வெட்டரிலோ நடைபோகும் நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்தால் எனக்கு இந்தச் சம்பவம் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. வண்டி நிறுத்தங்களை மட்டும் எண்ணும் மாநிலங்களின் சட்டத்தில் இப்படி ஒன்று நடந்தால் கணக்கிலேயே ஏறாது. நடந்து போகிறவரை நிறுத்துவதையும், யாரோ போன் செய்ததால் வந்தோம் என்பதையும் கலிஃபோர்னியா சட்டம் பதிவுசெய்யச் சொல்கிறது. கணக்குச் சட்டம் வேண்டும் என்றால் அந்த மாதிரியைத்தான் கேட்க வேண்டும்.

சாக்கை எடுத்துவிடுவது

2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ கேஸ்டில் என்ற கறுப்பினப் பள்ளி உணவகப் பணியாளரை நிறுத்தியபோது அவரிடம் சொன்ன காரணம், பிரேக் விளக்கு எரியவில்லை. அதற்குச் சற்று முன் அதிகாரி வயர்லெஸ்ஸில் சொன்னது வேறு. ஒரு கொள்ளையில் தேடப்படுகிறவர் மாதிரி இருக்கிறார், அந்த அகன்ற மூக்கைப் பார்த்தால் அப்படித் தெரிகிறது என்றார். கேஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு பழைய பதிவுகளைத் தேடினார்கள். 13 வருடத்தில் அவரைக் குறைந்தது 46 முறை நிறுத்தியிருந்தார்கள். வண்டிக்கு வெளியிலிருந்து பார்த்தாலே தெரியக்கூடிய காரணத்துக்காக நிறுத்தியது அவற்றில் ஆறே முறை.

மூக்கைப் பார்த்து நிறுத்த எந்தச் சட்டமும் அனுமதிக்காது. விளக்கைக் காட்டி நிறுத்தலாம். இந்த விளக்கு என்ற சாக்கு இல்லாதிருந்தால் அன்றைக்கு வயர்லெஸ் பேச்சோடு முடிந்திருக்கும்.

இதைத்தான் வர்ஜீனியா 2020-ல் செய்தது. மாநில அளவில் இப்படி முதலில் செய்தது அதுதான். 2021 மார்ச் முதல், சன் ஃபிலிம், கண்ணாடியில் தொங்கும் பொருள், நம்பர் பிளேட் விளக்கு, சத்தம் போடும் சைலன்சர், பதிவு காலாவதியாகிச் சில மாதம் ஆனது போன்றவற்றுக்காக மட்டும் அங்கே வண்டியை நிறுத்த முடியாது. கஞ்சா வாடை அடித்தது என்று சொல்லிச் சோதனையும் போட முடியாது. வேகம், குடிபோதை, சிவப்பு விளக்கைத் தாண்டுவது எல்லாவற்றுக்கும் முன்போலவே நிறுத்தலாம். அப்படி நிறுத்தும்போது சன் ஃபிலிமுக்கும் சேர்த்து அபராதம் போடலாம்.

என்னைக் கவர்ந்தது பட்டியலைவிட அதற்கடுத்த வரி. இந்த விதியை மீறி நிறுத்தி எதைக் கண்டெடுத்தாலும், ஓட்டுநர் சம்மதம் கொடுத்திருந்தாலும்கூட, அது நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏறாது. அதிகாரியின் மனதை யாரும் நிரூபிக்க வேண்டாம். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் போதும். பதில் பட்டியலில் இருந்தால் வழக்கு போச்சு. ஆதாயம் இல்லாத வேலையை எந்தத் துறையும் நாளடைவில் விட்டுவிடும்.

மனதை ஆராயும் வழியையும் ஒரு மாநிலம் முயன்று பார்த்திருக்கிறது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1999-ல் தன் மாநில அரசியல் சாசனத்தின்படி சாக்கு நிறுத்தங்களே கூடாது என்றது. 2012-ல், சாக்கோடு உண்மையான போக்குவரத்துக் காரணமும் கலந்திருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தியது. தளர்த்திய பிறகு வெள்ளையரல்லாத ஓட்டுநர்கள் நிறுத்தப்படுவது கூடியதாக ஆய்வு ஒன்று காட்டியது. தடை இருந்தவரை அதற்குப் பலன் இருந்தது என்பதும், ‘மனதில் என்ன’ என்று கேட்கும் விதியை ஒரே தீர்ப்பில் கரைத்துவிடலாம் என்பதும் இதில் சேர்ந்தே தெரிகின்றன. பட்டியல் அப்படி எளிதில் கரையாது.

ஓரிகன் 2022-ல் ஒரு விளக்கு எரியாததற்காக மட்டும் நிறுத்தக் கூடாது என்றது. கூடவே, சோதிக்கச் சம்மதம் கேட்கும்போது மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லியாக வேண்டும் என்றது. கனெக்டிகட் 2020-ல், கேட்டு வாங்கிய சம்மதத்தை மட்டும் வைத்துக் காரைச் சோதிப்பதையே நிறுத்தியது. வில்கின்ஸுக்கு மறுக்கத் தெரிந்திருந்தது. அரை மணி நேரமாக இரவில் சாலையோரம் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆள் ‘சரி, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் சொல்வார். கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி முதல், வேறெதையும் கேட்கும் முன் நிறுத்திய காரணத்தைச் சொல்ல வேண்டும். ஏன் நிறுத்தினேன் தெரியுமா என்ற வழக்கமான தூண்டில் கேள்வி இனி அங்கே கூடாது.

எதிர்த்தரப்பு வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தச் சில்லறை நிறுத்தங்களில் உண்மையாகவே துப்பாக்கிகள் பிடிபடுகின்றன, அந்தத் துப்பாக்கிகளுக்குப் பலியாகிறவர்களில் கறுப்பினத்தவர் நிறையப் பேர் என்கிறார்கள். இரண்டும் உண்மை. கேள்வி, எத்தனை பேரை நிறுத்தினால் ஒன்று கிடைக்கிறது என்பது. நியூயார்க்கில் 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை தெருவில் நிறுத்தியது 44 லட்சம் முறை. பாதிக்கும் மேல் உடலைத் தடவிச் சோதித்தார்கள். அப்படிச் சோதித்ததில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதம். மிச்சம் 98 பேரும் யாரோ ஒருவரின் மகன்கள்.

சாலைப் பாதுகாப்பு கெடும் என்ற வாதத்துக்கு வட கரோலினாவின் ஃபயட்வில் நகரம் பதில் வைத்திருக்கிறது. 2013 முதல் 2016 வரை அங்கே போலீஸ் தலைவராக இருந்த ஹெரால்டு மெட்லாக், விளக்கு, பதிவு போன்றவற்றை விட்டு வேகம், சிக்னல் மீறல் போன்ற ஆபத்தான ஓட்டத்தில் கவனம் வைக்கச் சொன்னார். விபத்துச் சாவுகள் குறைந்தன, நிற ஏற்றத்தாழ்வும் குறைந்தது. எரியாத விளக்குக்கு நம்பர் பிளேட்டைப் பார்த்து வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினால் போதுமே.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. சாண்ட்ரா பிளாண்டின் இண்டிகேட்டர் வர்ஜீனியா பட்டியலில் இல்லை. கோட்டை லேசாகத் தொட்டது, 2 மைல் வேகம் கூடியது என்று வேறு சாக்குக்குத் தாவலாம். தாவுகிறார்களா என்று தெரிய வேண்டும் என்றால் கணக்கு வேண்டும். அதனால்தான் இரண்டாவது வழியை மூன்றாவதோடு சேர்த்துக் கட்டச் சொல்கிறேன்.

நஷ்டஈடு வழக்கு

2020-ல் கொலராடோ, அதிகாரிகள்மீது நஷ்டஈடு வழக்கு நிற்காதபடி தடுத்த சட்டப் பாதுகாப்பை மாநில வழக்குகளில் எடுத்துவிட்டது. நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை என்று துறையே முடிவு செய்தால், அதிகாரி தன் பையிலிருந்து 25,000 டாலர் வரை கட்ட நேரிடும். நியூ மெக்சிகோ 2021-ல் அரசு அமைப்புமீது 20 லட்சம் டாலர் வரை வழக்குப் போட வழி செய்தது. அடித்து நொறுக்கப்பட்டவருக்கு இது பெரிய ஆறுதல். பத்து நிமிடம் சாலையோரம் நிறுத்திவைத்து, ஒன்றும் கிடைக்காமல் அனுப்பிவைக்கப்பட்டவர் எந்த வக்கீலைத் தேடிப் போவார்? நிற நிறுத்தங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான்.

ஊர் மட்டத்தில் செய்தால் போதாதா என்று கேட்கலாம். ஃபிலடெல்ஃபியா 2022 மார்ச்சில் எட்டு விதிமீறல்களுக்கு இப்படி ஒரு நகரச் சட்டத்தை அமலாக்கியது. அது நல்ல முன்மாதிரி. ஆனால் டயர் நிக்கல்ஸ் என்ற கறுப்பின இளைஞரை வண்டியை நிறுத்திப் போலீஸார் அடித்துக் கொன்ற பிறகு மெம்ஃபிஸ் நகர மன்றம் 2023-ல் அதே மாதிரிச் சட்டம் போட்டபோது, டென்னசி மாநிலச் சட்டமன்றம் 2024-ல் அதைச் செல்லாததாக்கிவிட்டது. மாநிலத் தலைநகரில் ஜெயிக்காமல் இது நிலைக்காது.

ஆகவே உங்கள் மாநிலத்தில் இப்படி ஒரு மசோதா வந்து, உங்கள் உறுப்பினருக்குக் கடிதம் எழுதப்போகிறீர்கள் என்றால், தலைப்பைப் பார்த்து ஆதரிக்க வேண்டாம். நிறுத்தக் கூடாத காரணங்களின் பட்டியல் உள்ளே இருக்கிறதா, மீறி எடுத்த சாட்சியம் செல்லாது என்ற வரி இருக்கிறதா, நடந்து போகிறவரும் கணக்கில் வருகிறாரா என்று பாருங்கள். மசோதா குழுவுக்குள் போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை பாருங்கள். சாண்ட்ரா பிளாண்டின் பெயரில் டெக்சஸில் 2017-ல் வந்த மசோதாவில் முதலில் சாக்கு நிறுத்தத்துக்கும் சம்மதச் சோதனைக்கும் கட்டுப்பாடு இருந்தது. அவர் பெயரோடு சட்டமாகி வெளியே வந்தபோது அந்த வரிகள் இல்லை.